பிங்கரா, தாழ்த்திய வலையா, தூண்டிலா: எல்லைக் கரை வள்ளங்களுக்கு ஒரு கணக்கு

குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டி, நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை வரிசையாக இருக்கும் எட்டு ஊர்களில் வழிவலைத் தொழில், அதாவது வலையை நீரோட்டத்தோடு மிதக்க விட்டு மீன் பிடிக்கும் தொழில், செய்கிற சிலர் இப்போது ஒரு கேள்வியை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வலையில் ஓங்கல், அதாவது டால்ஃபின், சிக்கிச் சாவதைக் குறைக்க வேண்டும். கையில் இருப்பது கொஞ்சப் பணம். அதை எதில் போடுவது? டால்ஃபினை விலக்குகிற பிங்கர் என்ற ஒலிக்கருவி வாங்கலாம் என்கிறார் ஒருவர். வலையைத் தாழ்த்தி விட்டாலே போதும் என்கிறார் இன்னொருவர். வலையையே விட்டுவிட்டுத் தூண்டிலுக்குத் திரும்பலாம் என்பது மூன்றாவது கட்சி. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வலை பொத்தவும் வாதாடவும் நேரம் இருக்கிறது.

நான் படகுக் கணக்கு எழுதுகிறவன். உயிர் பாவம், கடல் நியாயம் எல்லாம் பேசுவேன். ஆனால் கடைசியில் எண்ணெய், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பங்கு என்ன வருகிறது என்றுதான் பார்ப்பேன். அந்தக் கண்ணோடு எழுதியது இது.

ஏன் இப்போது என்று கேட்டால் இரண்டு காரணம். ஒன்று சட்டம். எல்லாத் திமிங்கிலங்களும் டால்ஃபின்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. யானைக்கும் புலிக்கும் உள்ள அதே பாதுகாப்பு. வேட்டையாடியதாக நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய். நாம் யாரும் வேண்டுமென்று பிடிப்பதில்லை. ஆனாலும் செத்த டால்ஃபினோடு கரைக்கு வர எவருக்கும் துணிச்சல் கிடையாது. வலையை அறுத்து, கடலிலேயே தள்ளிவிட்டு வந்துவிடுகிறோம். கொச்சி தோப்பும்படியில் இறக்கும் படகைக் கேரள அதிகாரிகள் பார்ப்பார்கள், தேங்காய்ப்பட்டணத்தில் இறக்குவதைத் தமிழக அதிகாரிகள் பார்ப்பார்கள். அட்டவணை இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

இரண்டாவது காரணம் சந்தை. கடல் பாலூட்டிகளைக் காக்க அமெரிக்கா தன் மீனவர்களுக்கு விதி வைத்திருக்கிறது. அதற்கு இணையான ஏற்பாடு இல்லாத மீன்பிடிப்பிலிருந்து வரும் மீனை வாங்கக்கூடாது என்பது 2026 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறை. நம் கடல் உணவுக்கு மிகப் பெரிய சந்தை அமெரிக்காதான். இது எப்படி முடியும் என்பதற்கு இறாலே சாட்சி. இழுவலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்று சொல்லி, கடலில் பிடித்த இந்திய இறாலை 2019இல் நிறுத்தினார்கள். இத்தனைக்கும் கொச்சியில் இருக்கும் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம், நாம் சிஃப்ட் என்று சொல்வது, அப்படி ஒரு கருவியை முன்பே செய்து கொடுத்திருந்தது. கருவி இருந்தது, வலையில் ஏறவில்லை. சூரைக்கும் கேரைக்கும், அதாவது டூனா மீன்களுக்கும், அதே கதை வரக்கூடாது.

அளவு எவ்வளவு என்று ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், பிறகு எண்களைக் குறைத்துக்கொள்கிறேன். இந்தியப் பெருங்கடலில் சூரைக்கு விடும் செவுள்வலைகளில் (நம் வழிவலையும் அந்த வகைதான்) 1950 முதல் 2018 வரை சுமார் 41 லட்சம் சிறு திமிங்கிலங்கள், பெரும்பாலும் டால்ஃபின்கள், சிக்கியிருக்கலாம் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உச்சத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம், இப்போது 80,000 என்ற அளவு. ஈரான், பாகிஸ்தான், இந்தியா, இலங்கை, இந்தோனேசியா எல்லோரும் அந்தக் கணக்கில் உண்டு. ஒரு டால்ஃபின் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். சாளையைப் போல ஒரு நல்ல மழைக்காலத்தில் திரும்பிப் பெருகிவிடாது.

எப்படிச் சிக்குகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் எந்த வழி சரி என்பது பாதி தெரிந்துவிடும். டால்ஃபினும் சூரையும் ஒரே இரையைத் துரத்துகின்றன. ஓங்கல் கூட்டம் துள்ளுகிற இடத்தைப் பார்த்துத்தான் நாமும் வலை விடுகிறோம். ஒலியை அனுப்பி அதன் எதிரொலியில் வழி பார்க்கிற பிராணி அது. ஆனால் தங்கூசி நைலான் எதிரொலியை மிகக் குறைவாகவே திருப்பிக் கொடுக்கும். அதோடு, இரை துரத்துகிற வேகத்தில் எல்லா நேரமும் அது ஒலி அனுப்பிக்கொண்டும் இருக்காது. சிக்கினால் மீனைப் போலக் காத்திருக்க முடியாது, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும். இருட்டும் முன் விட்ட வலையை விடியலில் இழுக்கும்போது நமக்குக் கிடைப்பது எப்போதோ செத்த உடல்தான்.

ஆகவே, சிக்கிய பிறகு காப்பாற்றுகிற திட்டம் எதுவும் டால்ஃபினுக்குப் பெரிதாக உதவாது. சிக்காமல் தடுப்பதுதான் வழி.

பிங்கர். எல்லோருக்கும் முதலில் மனதுக்கு வருவது இதுதான். மேல்கயிற்றில் கட்டுகிற சின்ன ஒலிக்கருவி. சில நொடிக்கு ஒருமுறை சவுண்டு விடும், டால்ஃபின் உஷாராகி விலகும். இது வேலை செய்யும் என்பதற்குப் பலமான சாட்சி இருக்கிறது. 1994இல் அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் ஒரு சோதனை. எல்லா வலைகளிலும் கருவி கட்டினார்கள். பாதியில் ஒலிக்கும் கருவி, பாதியில் ஒலிக்காத கருவி. எது எதில் இருக்கிறது என்பது மீனவருக்கே தெரியாது. ஒலிக்காத வலைகளில் டால்ஃபினுக்கு உறவான 25 கடற்பன்றிகள் சிக்கின, ஒலித்தவற்றில் 2. கலிபோர்னியாவின் வழிவலைகளில் பிங்கர் வந்த பிறகு அலகுத் திமிங்கிலம் சிக்குவது நின்றே போனது. பெருவில் நம்மைப் போலச் சிறு படகுகளில் முயன்றபோது சிறு திமிங்கில இனங்கள் சிக்குவது 37 விழுக்காடு குறைந்தது.

90க்கு மேல் ஓரிடத்தில், 37 இன்னோரிடத்தில். ஏன் இந்த வித்தியாசம்? அங்கே இருந்த கடற்பன்றி கூச்ச சுபாவம் உள்ளது, எந்தச் சத்தத்துக்கும் விலகி ஓடும். டால்ஃபின் இனங்கள் எல்லாம் அப்படி இல்லை. அதிலும் குப்பிமூக்கு டால்ஃபின் பழகிவிடும். வலையில் மீன் எடுத்துத் தின்னப் பழகிய கூட்டத்துக்குப் பிங்கர் சத்தம் சாப்பாட்டு மணியாகிவிடும் என்ற பயம் ஆய்வாளர்களுக்கே உண்டு. சீல்கள் விஷயத்தில் அது நடந்தும் இருக்கிறது.

கணக்குக்கு வருவோம். நூறு மீட்டருக்கு ஒன்று என்றால் இரண்டரைக் கிலோமீட்டர் வலைக்கு 25 கருவி வேண்டும். இருநூறு மீட்டருக்கு ஒன்று என்று வைத்தாலும் பன்னிரண்டு பதின்மூன்று. ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது, பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவது? நடுவில் ஒரு கருவி செத்துப்போனால் அந்த இடம் ஒரு வாசல் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சத்தம், நடுவில் அமைதி. விலகி வருகிற டால்ஃபின் அந்த அமைதியைப் பார்த்துத்தான் வரும். உப்புத் தண்ணீரிலும் வின்ச்சிலும் அடிபட்டு எத்தனை கருவி முழு சீசன் தாங்கும் என்பதை, நம் வலைகள் பயணம் முடிந்து வரும் கோலத்தைப் பார்த்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். எனக்கு இதில் இன்னொரு மனக்குறையும் உண்டு. கருவி கொடுக்கிற விழாவில் போட்டோ நன்றாக வரும். அடுத்த வருஷம் பேட்டரிக்கு யாரும் வரமாட்டார்கள்.

எல்இடி விளக்கு. பெருவிலேயே வலையில் பத்து மீட்டருக்கு ஒரு பச்சை விளக்கு கட்டிப் பார்த்தார்கள். சிறு திமிங்கில இனங்களும் ஆமைகளும் சிக்குவது 70 விழுக்காடு அளவில் குறைந்தது, மீன்பாடு குறையவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் வலைக்கு 250 விளக்கு வேண்டும். அப்புறம் இங்கே ஒரு சிக்கல்: நம் கடலில் எல்இடி வெளிச்சம் வைத்து மீன் பிடிப்பது 2017 முதல் தடை. அது மீனைக் கூட்டுகிற பெரிய விளக்குக்குப் போட்ட தடை, ஆமையை விலக்குகிற பொட்டு விளக்குக்கு இல்லை என்று நாம் சொல்லலாம். நடுக்கடலில் ரோந்துப் படகில் நிற்கிறவரிடம் அந்த வித்தியாசத்தை விளக்கிப் பாருங்கள். இதை இப்போதைக்கு ஒதுக்கிவைக்கலாம்.

இனி வலையைத் தாழ்த்தி விடுவது. இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வழக்கமாக நம் வழிவலையின் மேல்கயிறு தண்ணீர் மட்டத்திலேயே மிதக்கும். மிதப்புகள் மேல்கயிற்றோடு ஒட்டிக் கட்டப்பட்டிருக்கும், வலை கடல்மட்டத்திலிருந்தே தொங்கும். தாழ்த்துவது என்றால் மேல்கயிறு இரண்டு மீட்டர் கீழே இருக்கும்படி செய்வது. மிதப்பிலிருந்து மேல்கயிற்றுக்கு இரண்டு மீட்டர் இணைப்புக் கயிறு விட்டால் வேலை முடிந்தது. மூச்சுக்கு வந்து போகிற பிராணிகள் அதிகம் புழங்குகிற மேல் தண்ணீர் திறந்து கிடக்கும். டால்ஃபின் மேலாகத் தாண்டிப் போகும், ஆமையும் போகும்.

இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது பாகிஸ்தான் மீனவர்கள். அரபிக்கடல், சூரை வழிவலை, நம்முடைய அதே தொழில். 2013 முதல் 2017 வரை படகுக்காரர்களே குறித்து வைத்த தகவலை வைத்து 2021இல் வந்த ஆய்வு சொல்வது: இரண்டு மீட்டர் தாழ்த்திய வலைகளில் டால்ஃபின், திமிங்கிலம் சிக்குவது 78.5 விழுக்காடு குறைவு. நாம் தேடிப் போகிற மீனில் கணக்கில் எடுக்கும்படியான வித்தியாசம் இல்லை. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமும் செவுள்வலைகளை 2023க்குள் இரண்டு மீட்டர் தாழ்த்த வேண்டும் என்று 2019இல் தீர்மானத்தில் எழுதிவைத்தது. அந்த ஆணையத் தீர்மானங்களை நாடுகள் எப்படி எடுத்துக்கொள்கின்றன என்பது தனிக் கதை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அது காட்டுகிறது.

செலவு? கயிறு. சில பெரிய மிதப்புகள். நம் கையாலேயே, தடைக்காலத்தில் கரையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். பேட்டரி கிடையாது, இறக்குமதி கிடையாது, யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

தொல்லை இல்லாமல் இல்லை. முதல் தொல்லை மிதப்புக் கணக்கு. மேல்கயிற்றில் இருக்கும் சின்ன மிதப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு நீளக் கயிற்றில் பெரிய மிதப்பையும் கட்டினால் வலை கீழே இறங்கவே இறங்காது. சின்ன மிதப்புகள் அதை மேலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். அவற்றைக் குறைக்க வேண்டும். ரொம்பக் குறைத்தால் இரண்டு பெரிய மிதப்புக்கு நடுவே வலை தொய்ந்து வயிறு போட்டுவிடும், மீன் கீழ்ப்பாதியில் மட்டும் விழும். இதை ஏட்டில் எழுதிக் கொடுக்க முடியாது. வலையின் நூல் கனமும் ஈயத்தின் எடையும் படகுக்குப் படகு வேறு. ஒரு துண்டைக் கட்டி, கரைக்குப் பக்கத்தில் அலை இல்லாத நாளில் இறக்கிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது தொல்லை சிக்கல். தொங்குகிற இரண்டு மீட்டர் கயிறுகள், வலையை இழுத்து அடுக்கும்போது கண்ணிக்குள் புகுந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். வலை இழுக்கிற நேரம் கூடினால் எல்லோருக்கும் கோபம் வரும், அந்தக் கோபத்தில் திட்டமே போய்விடும். இதற்கு ஆயிரங்கால் தூண்டில், அதாவது ஒரு நீளத் தாய்க்கயிற்றில் வரிசையாகப் பல தூண்டில்கள் தொங்கும் முறை, அந்த அனுபவம் கைகொடுக்கும். தூண்டில் நூலைத் தாய்க்கயிற்றில் மாட்டிக் கழற்ற ஸ்டீல் கொக்கி உண்டு. அதே கொக்கியை இந்த இணைப்புக் கயிற்றின் நுனியில் வைத்தால் வலை விடும்போது மாட்டி, இழுக்கும்போது கழற்றித் தனியாக ஒரு கூடையில் போட்டுக்கொள்ளலாம். தூண்டில் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இது புது வித்தை இல்லை.

மூன்றாவது, நெய்மீன். "மக்கா, நெய்மீன் மேலாப்புலதான் ஓடும், நீ கீழ விட்டா யாரு பிடிப்பா?" என்று மூத்தவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பாகிஸ்தான் எண் சூரைத் தொழிலில் வந்தது. நெய்மீனுக்கு விடும் ஃபைபர் வள்ளத்துக்கு அதை அப்படியே தூக்கிப் பொருத்தக்கூடாது. அதனால் நான் சொல்வது சூரைக்குப் போகிறவர்களுக்கு மட்டும். நெய்மீன்காரர்கள் சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யட்டும்.

ஒரு சின்ன லாபமும் உண்டு. மேல்கயிறு தாழ்ந்திருந்தால் இரவில் வலைக்கு மேலே ஓடுகிற வள்ளங்களின் எஞ்சின் இலை கயிற்றை வெட்டுவது குறையும். கப்பலுக்கு இது பலிக்காது. பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் போகிற கப்பலுக்கு இரண்டு மீட்டர் எந்த மூலைக்கு? 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறையாகத் திறந்த பிறகு அந்தப் பயம் நமக்குக் கூடித்தான் இருக்கிறது.

தூண்டிலுக்குத் திரும்பலாம் என்கிற கட்சி. தூத்தூர்ப் பக்கத்துக்காரர்களிடம் தூண்டில் பெருமையைப் பேச வேண்டியதில்லை. அரபிக்கடல் முழுக்க ஆழ்கடல் சுறாவுக்குப் போய் வந்தவர்கள். டால்ஃபினை மட்டும் பார்த்தால் தூண்டில் வலையைவிடப் பல மடங்கு நல்லது. மினிக்காயிலும் மாலத்தீவிலும் உயிர் இரை போட்டுக் கம்பத்தூண்டிலில் சூரை பிடிக்கிறார்கள், டால்ஃபின் ஏறக்குறையச் சிக்குவதே இல்லை. ஆனால் அந்தத் தொழிலுக்கு அன்றாடம் உயிர் இரை வேண்டும், அதற்குத் தீவுகளின் உள்கடல் வேண்டும். நமக்கு அது கிடையாது. நமக்கு உள்ளது ஆயிரங்கால் தூண்டில்.

அங்கே பிரச்சினை இடம் மாறிவிடுகிறது. டால்ஃபின் தப்பிக்கும், சுறாவும் ஆமையும் மாட்டும். கடலின் உணவுச் சங்கிலியில் மேலே நிற்பது டால்ஃபின் மட்டும் இல்லை. கதிர்வால் சுறா ஒரு ஈற்றில் இரண்டு, அதிகம் போனால் நான்கு குட்டிதான் போடும். டால்ஃபினைவிட ரொம்ப வேகமாகப் பெருகும் என்று சொல்ல முடியாது. கொம்பன் சுறாவும் வெண்நுனிச் சுறாவும் 2013இல், கதிர்வால் சுறாவும் பட்டுச் சுறாவும் 2016இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2015 பிப்ரவரியில் இந்தியா சுறாத் துடுப்பு ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் ஊர்களில் எத்தனை வீட்டுக் கணக்கு கவிழ்ந்தது என்பது எனக்குத் தெரியும், நான்தான் எழுதினேன். இன்னொரு கசப்பான விஷயமும் இருக்கிறது. டால்ஃபின் இறைச்சி சுறாத் தூண்டிலுக்கு இரையாவது உலகின் பல கரைகளில், இந்தியா உட்பட, பதிவாகியிருக்கிறது. டால்ஃபினைக் காப்பாற்றத் தூண்டிலுக்குப் போய், தூண்டிலுக்காக டால்ஃபினைத் தேடுவது வேடிக்கையாகிவிடும்.

சூரைக்காகவே தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு மாற்றம் சொல்லலாம்: நுனியில் கம்பிக்குப் பதில் நைலான். சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும். 2008இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், நைலான் நுனியில் சுறா குறைந்ததோடு பெருங்கண் சூரை கூடுதலாக விழுந்தது, வருமானம் குறையவில்லை. ஆனால் சுறாவையே நம்பிப் போகிற படகிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஆக, வலையிலிருந்து தூண்டிலுக்கு முழுசாக மாறுவது டால்ஃபின் பெயரால் எடுக்கிற முடிவாக இருக்கக்கூடாது. எண்ணெய்ச் செலவு, இரை விலை, சுறாச் சட்டம் எல்லாம் சேர்த்து எடுக்க வேண்டிய பெரிய முடிவு அது. இந்தத் தடைக்காலத்தில் முடிகிற வேலை இல்லை.

விடுவித்தால் நஷ்டஈடு என்கிற வழியைச் சிலர் குஜராத்தைக் காட்டிச் சொல்கிறார்கள். அங்கே நடந்தது உண்மையிலேயே பெரிய காரியம். திமிங்கிலச் சுறா 2001இல் முதல் அட்டவணைக்கு வந்தது. 2004 முதல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை, வனத்துறை, ஒரு தொழில் நிறுவனம் எல்லாம் சேர்ந்து சௌராஷ்டிரக் கரையில் பிரசாரம் செய்தார்கள். கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் அது என்று மீனவர்களிடம் பேசினார். அறுத்த வலைக்கு அரசு பணம் கொடுத்தது. வலையை அறுத்து விடுவதை மீனவரே போட்டோ எடுத்து அனுப்பினால் போதும் என்று ஏற்பாடு வந்த பிறகு, அதிகாரிக்குக் காத்திருந்து மீன் சாகிற நிலைமையும் மாறியது. இதுவரை 900க்கும் மேற்பட்டவை விடுவிக்கப்பட்டிருக்கின்றன. அதே அறக்கட்டளை கேரளக் கரைக்கும் இதை எடுத்து வந்தது.

ஆனால் திமிங்கிலச் சுறா மீன். தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும், வலையில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். அறுத்துவிட்டால் போய்விடும். டால்ஃபினுக்கு இந்த அவகாசம் கிடையாது என்று முதலிலேயே சொன்னேன். கரையில் ஒதுங்கிய பிறகு காப்பாற்றுவதும் எவ்வளவு கஷ்டம் என்பதை 2016 ஜனவரியில் மணப்பாடு பக்கம் பார்த்தோம்: எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்க, மீனவர்கள் கடலுக்குள் இழுத்து விட்டவற்றில் பல திரும்பவும் கரைக்கே வந்தன. ஆகவே நஷ்டஈட்டுத் திட்டம் நமக்கும் வேண்டும், ஆனால் திமிங்கிலச் சுறாவுக்கும் பெரிய திமிங்கிலத்துக்கும். ஓமனில் குறியிட்ட லூபன் என்ற கூனல் திமிங்கிலம் 2017 கடைசியில் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனைப் பக்கம் வரை வந்து திரும்பியது. ஓமன் பக்கம் அந்த இனத்தில் நூறுகூட மிச்சமில்லை. போட்டோ எடுத்துப் பார்த்ததில் 30 முதல் 40 விழுக்காடு திமிங்கிலங்களின் உடலில் வலைக்கயிறு சுற்றியதாகத் தோன்றும் தழும்புகள் இருந்தன. அப்படி ஒன்று கயிற்றோடு நம் பக்கம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, அறுக்கிற வலைக்கு யார் பணம் தருவது என்பதை இப்போதே கேட்டு வைக்கலாம்.

முழுத் தடை என்று சொல்கிறவர்களுக்கு மெக்சிகோவின் வாக்கிட்டா கடற்பன்றியைக் காட்டினால் போதும். 2017இல் அங்கே செவுள்வலைக்கு நிரந்தரத் தடை போட்டார்கள். மாற்றுத் தொழில் சரியாக வரவில்லை, திருட்டு வலை நிற்கவில்லை, இன்று பத்துப் பக்கம்தான் மிச்சம்.

ரிங் வலைக்காரர்கள் இந்தப் பேச்சில் தங்களுக்கு என்ன என்று கேட்பார்கள். அவர்கள் பிரச்சினை தலைகீழ்: சாளைக்கும் அயிலைக்கும் வளைத்த வலையை வெளியே இருந்து டால்ஃபின் கிழிக்கிறது. கேரளத்தில் ரிங் வலை மீனவர்களே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து, வலைக்கு வெளியே இன்னொரு தடுப்பு வலை கட்டினார்கள். சிஃப்ட் ஆய்வாளர்கள் அதை டால்ஃபின் சுவர் வலை என்று 2014இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள். எல்லை தாண்டிப் போய்ப் பார்த்து வர ஒரு நாள் போதும். வழிவலைக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

சரி, என் முடிவு. சூரைக்குப் போகும் வழிவலைப் படகுகள் முதல் பணத்தைக் கயிற்றிலும் மிதப்பிலும் போட வேண்டும், பிங்கரில் இல்லை. பிங்கர் பொய் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் பலன் இனத்துக்கு இனம் மாறுகிறது, பராமரிப்பு நம் கையில் இல்லை. தாழ்த்திய வலையின் சாட்சி நம் கடலிலேயே, நம் தொழிலிலேயே வந்திருக்கிறது.

எப்படித் தொடங்குவது? ஆகஸ்டில் கடலுக்கு இறங்கும்போது முழு வலையையும் தாழ்த்த வேண்டாம். பாதி வலை தாழ்த்தி, பாதி பழையபடி. ஒரே படகு, ஒரே இரவு, ஒரே நீரோட்டம். ஒரு நாள் தாழ்த்திய பாதி முதலில் இறங்கட்டும், மறுநாள் மற்றது. இல்லையென்றால் எப்போதும் படகுப் பக்கம் கிடக்கிற பாதிக்கு ஒரு சாதகம் வந்துவிடும். இழுக்கும்போது இரண்டு பாதியின் மீனையும் தனித்தனியே கூடையில் போட்டு எடை எழுத வேண்டும்: சூரை, கேரை, நெய்மீன், மற்றவை. டால்ஃபின், ஆமை, திமிங்கிலச் சுறா எதுவானாலும் எந்தப் பாதியில், உயிரோடா செத்ததா என்று ஒரு வரி.

இதில் ஒன்றை முன்கூட்டியே புரிந்துகொள்ள வேண்டும். மீன் எடையில் வித்தியாசம் இருக்கிறதா என்பது ஒரு சீசனில் தெரிந்துவிடும், ஏனென்றால் மீன் தினமும் விழுகிறது. டால்ஃபின் தினமும் விழுவதில்லை. பத்துப் பயணத்தில் பழைய பாதியில் ஒன்று, தாழ்த்தியதில் ஒன்றுமில்லை என்றால் அதை வைத்து ஜெயித்தோம் என்று சொல்ல முடியாது. நேர்மாறாக நடந்தாலும் தோற்றோம் என்று சொல்ல முடியாது. அதற்குப் பல படகுகளின் பல ஆண்டுக் கணக்கு வேண்டும். ஆகவே நாமே சோதித்து முடிவு செய்ய வேண்டியது பங்கைப் பற்றி. டால்ஃபின் விஷயத்தில் பாகிஸ்தான் கணக்கை நம்பிக்கொண்டு, நம்முடையதையும் அதோடு சேர்த்துக்கொண்டே போகலாம்.

அந்தக் குறிப்பு யார் கைக்குப் போகிறது என்பதுதான் எல்லோருக்கும் உள்ள பயம். விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கடல் பாலூட்டிகள் ஒதுங்குவதையும் கண்ணில் படுவதையும் இந்திய அளவில் தொகுக்கிற ஆய்வாளர் வலையமைப்பு ஒன்றும் இருக்கிறது. படகுப் பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல், கூட்டமாக ஒரே தாளில் கொடுக்கிறோம், வழக்குக்குப் பயன்படுத்தக்கூடாது என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம். அது கிடைக்காவிட்டால் நோட்டு நம் பெட்டியிலேயே இருக்கட்டும். மீன் எடைப் பக்கம் மட்டுமே நமக்குப் போதுமான லாபம்.

பிங்கர்தான் வேண்டும் என்று இன்னும் நிற்கிற தம்பிமாருக்கு ஒன்று: விலைப் பட்டியலோடு, பேட்டரி எத்தனை மாதம் தாங்கும், தீர்ந்தால் கொச்சிக்குள் யார் மாற்றித் தருவார்கள் என்ற இரண்டு பதிலையும் எழுத்தில் வாங்கி வாருங்கள். வந்தால் கரைக்குப் பக்கத்தில் விடுகிற இரண்டு வள்ளத்தில் கட்டிப் பார்க்கலாம்.